மெதுவாகப் போனாலும் கொதிக்கும்!

அந்தமான் சாலைகளில் சுமை இழுக்கும் வண்டிகளின் இன்ஜினும் கியர் பாக்ஸும் ஏன் சூடாகின்றன? எப்படித் தடுக்கலாம்?

போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். 2024 செப்டம்பரில் மாற்றினார்கள். அங்கிருந்து வடக்கே சுமார் 40 கி.மீ. போனால் ஜிர்காடாங். பொழுது விடியும் முன்பே அங்கே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். பாரட்டாங் போகும் சுற்றுலா கார்கள், ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் போகும் பேருந்துகள், சரக்கு ஏற்றிய லாரிகள். சோதனைச் சாவடி திறந்ததும் காவல் துறையின் பாதுகாப்போடு மொத்த வரிசையும் கான்வாயாக நகரும். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை ஏறத்தாழ 50 கி.மீ. தூரம், ஜாரவா பழங்குடியினரின் காடு. வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. முந்தக் கூடாது. வழியில் நிறுத்தக் கூடாது.

நிறுத்தக் கூடாத அந்தச் சாலையில் ஒரு வண்டி கொதித்துப் படுத்துவிட்டால்?

பின்னால் வரும் வண்டிகள் திணறும். பயணிகள் தவிப்பார்கள். பழுதான வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுக்க வேண்டிவரும். அப்படி இழுக்கிற வண்டிக்கும் அதே சூடு காத்திருக்கிறது. இத்தனைக்கும் அந்தமான் டிரங்க் ரோடு எனப்படும் இந்தச் சாலையில் யாரும் வேகமாக ஓட்டுவதில்லை. ‘மெதுவாகத்தானே போகிறோம், இன்ஜினுக்கு என்ன வரும்?’ என்ற நம்பிக்கை பல ஓட்டுநர்களிடம் உண்டு. சுமை இழுக்கும் வண்டிகளை இந்தத் தீவில் கவிழ்ப்பதே அந்த நம்பிக்கைதான்.

ஒன்பது மடங்கு வேலை, அதே காற்று

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 2 டன் எடையுள்ள ஜீப் ஒன்று சமதரையில் 30 கி.மீ. வேகத்தில் போகிறது. அதை உருட்ட இன்ஜினிலிருந்து 3 கிலோவாட் அளவு சக்தி போதும். அதே ஜீப்பின் பின்னால் ஒன்றரை டன் டிரைலரை மாட்டி, நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றத்தில் அதே 30 கி.மீ. வேகத்தில் ஏற்றினால், தேவைப்படும் சக்தி சுமார் 27 கிலோவாட். ஏறத்தாழ ஒன்பது மடங்கு!

டீசலோ பெட்ரோலோ, எரிபொருளில் இருக்கும் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் போகிறது. ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதி ஒரு பங்கு இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டில் இறங்குகிறது. ஆகவே வேலை கூடினால் ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் கூடவே ஏறுகிறது.

ஆனால் ரேடியேட்டர் மேல் அடிக்கும் காற்று? சமதரையிலும் 30 கி.மீ., ஏற்றத்திலும் 30 கி.மீ. காற்று ஒரு துளியும் கூடவில்லை. இந்த இடைவெளியில்தான் வண்டி கொதிக்கிறது. நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகிற வண்டிக்கு எதிர்க்காற்று இலவசமாகக் கிடைக்கிறது. அந்தமானில் அந்த இலவசம் இல்லை. வளைவும் ஏற்றமுமான சாலை, கான்வாய் வேகம், படகுத்துறைக் காத்திருப்பு எல்லாம் சேர்ந்து முழுப் பொறுப்பையும் ரேடியேட்டர் ஃபேன் தலையில் ஏற்றிவிடுகின்றன.

மோட்டார் வண்டிக்கு ஃபேன் வந்த கதையும் இதையே சொல்கிறது. 1900-01-இல் ஜெர்மனியில் டெய்ம்லர் நிறுவனத்துக்காக வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸில்தான் இன்றைய ரேடியேட்டரின் முன்னோடி வந்தது. 8,070 சிறு குழாய்களை அடுக்கிச் செய்த அந்த ரேடியேட்டரின் பின்னால் ஒரு ஃபேனையும் வைத்தார் மேபாக். மெதுவாகப் போகும்போதும் காற்று இழுக்க வேண்டும் என்பதே காரணம். அந்தமான் சாலையில் ஒவ்வொரு வண்டியும் அந்த ஃபேனை நம்பித்தான் ஓடுகிறது.

இழுத்து வாழும் தீவு

அந்தமானில் இழுவை புதிய வேலை அல்ல. 1883-இல் தொடங்கிய சாத்தம் மர ஆலைக்குப் போன மரங்களைக் காட்டுக்குள் யானைகள் இழுத்தன. ஹேவ்லாக் தீவின் கடலில் நீந்தி உலகப் புகழ் பெற்று 2016-இல் இறந்த ராஜன் என்ற யானையும் மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்டதுதான். மரம் இழுக்கும் யானையை உச்சி வெயிலில் வேலை வாங்க மாட்டார்கள் பாகன்கள். சூடு தாங்காது என்று அவர்களுக்குத் தெரியும். இன்ஜினுக்கு அந்தக் கரிசனம் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இன்று இழுப்பவை வேறு. தேங்காயும் பாக்கும் செங்கலும் ஏற்றிய டிரைலரை டிராக்டர்கள் இழுக்கின்றன. ‘டுங்கி’ எனப்படும் மோட்டார் படகுகளையும் சுற்றுலாப் படகுகளையும் டிரைலரில் ஏற்றிக் கரைக்கும் பட்டறைக்கும் கொண்டுபோகிறார்கள். பழுதான வண்டிகளைச் சங்கிலியோ கம்பியோ போட்டுப் பட்டறை வரை இழுத்துப்போவது அன்றாடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் இருந்த சுமார் 3.8 லட்சம் பேரில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். லாரி ஓட்டுவோர், டிராக்டர் வைத்திருப்போர், ஒர்க்‌ஷாப் நடத்துவோர் மத்தியிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள்.

தீவின் மலைகள் நீலகிரி போல உயரமானவை அல்ல. ஆக உயர்ந்த சேடில் பீக்கே 732 மீட்டர்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிய ஓட்டுநருக்கு இது ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் இங்கே ஏற்றம் ஒரே மூச்சாக வந்து முடிவதில்லை. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, படகுத்துறையில் நின்று, மறுபடி ஏறுகிறது சாலை. முந்தைய ஏற்றத்தின் சூடு தணியும் முன்பே அடுத்த ஏற்றம் வந்துவிடுகிறது.

உப்பு, சேறு, சுண்ணாம்பு

தீவின் வெப்பநிலை பெரும்பாலும் 23 முதல் 31 டிகிரிக்குள்தான் இருக்கிறது. வேலூரையும் திருத்தணியையும் பார்த்தால் இது குளிர். அப்படியிருந்தும் வண்டிகள் கொதிக்கின்றன என்றால், வெயிலைத் தாண்டி வேறு எதிரிகள் இருக்கிறார்கள்.

முதல் எதிரி உப்பு. கடற்காற்றில் வரும் உப்பும் ஓயாத ஈரமும் சேர்ந்து ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகளை அரிக்கின்றன. ஃபேன் மோட்டாரின் ஒயர் முனைகளில் பச்சை பூத்து, ஃபேன் பாதி வேகத்தில் சுற்றும் அல்லது சுற்றவே சுற்றாது. சமதரையில் வெறும் வண்டி ஓட்டும்போது இந்தக் குறை தெரியாது. டிரைலரை மாட்டி ஏற்றத்தில் ஏறும் நாளில்தான் தெரியும்.

இரண்டாவது எதிரி சேறு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் இடம் இது. மழைக்காலத்தில் தெறிக்கும் சேறு ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே புகுந்து காய்ந்து, ஜனவரிக்குப் பிறகு வரும் வறண்ட மாதங்களில் சுவர்போல அடைத்துக்கொள்ளும். ஏ.சி. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் உள்ள சந்தில் சேரும் அழுக்கு முன்பக்கமிருந்து பார்த்தால் கண்ணில் படாது. டிராக்டரில் வைக்கோல் தூசியும் சேர்ந்துகொள்ளும். நல்ல தண்ணீரை மெதுவாக, இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக அடித்துக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் குழாயை நேராகக் காட்டி அழுத்தமாக அடித்தால் தகடுகள் மடங்கிப்போய்க் காற்று வழியே மூடிவிடும்.

மூன்றாவது எதிரி, ரேடியேட்டருக்குள் ஊற்றும் தண்ணீர். கான்வாயில் வரும் சுற்றுலாப் பயணிகளில் பலர் பார்க்க விரும்புவது பாரட்டாங் சுண்ணாம்புக் குகைகளை. கூரையிலிருந்து சொட்டும் நீர் தன்னிடமுள்ள சுண்ணாம்பைப் படியவிட்டுப் படியவிட்டு வளர்த்த விழுதுகள் அங்கே தொங்குகின்றன. கடினத்தன்மை உள்ள கிணற்று நீரையும் போர் தண்ணீரையும் ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் அதுவேதான் நடக்கிறது. அந்தப் படிவு மெல்லியதாக இருந்தாலே வெப்பம் உலோகத்தைத் தாண்டி வெளியேற முடியாமல் தடுமாறும்.

இதைவிட மோசமானது ஓடைத் தண்ணீர். அவசரத்தில் அலையாத்திக் காட்டு ஓடையில் மொண்டு ஊற்றுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அது கடலோடு கலக்கும் உப்பங்கழி. ஒருமுறை ஊற்றினாலே வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், அலுமினிய ஹெட் மூன்றையும் உப்பு தின்னத் தொடங்கும். வேறு வழியே இல்லாமல் ஊற்ற நேர்ந்தால், ஊர் சேர்ந்த உடனே முழுவதையும் வடித்து, நல்ல தண்ணீரால் பலமுறை அலசிவிட்டுப் புதிய கூலன்ட் நிரப்ப வேண்டும்.

கூலன்ட் வெறும் நிறத் தண்ணீர் அல்ல. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதோடு கிளைக்காலைச் சரிபாதி கலந்து, ஒரு பார் அழுத்தம் தாங்கும் மூடியால் மூடினால் கொதிநிலை சுமார் 129 டிகிரிக்குப் போய்விடும். துருவைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் அதில் உண்டு. கொதிநிலையின் உயர்வில் பெரும்பங்கு அந்த மூடியின் அழுத்தத்தால் வருகிறது. மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் கசிந்தால், விலை உயர்ந்த கூலன்ட்டும் சீக்கிரமே கொதித்துவிடும். சில நூறு ரூபாய் மூடியை மாற்றாமல் விட்டு ஹெட் கேஸ்கட்டைப் பறிகொடுப்பது வீண் நஷ்டம்.

வண்டியின் முகப்பில் மாட்டும் அழகுப் பொருள்களும் காற்றை மறைக்கும். முன்பக்க இரும்புக் கம்பித் தடுப்புகள் சட்டவிரோதம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. பாதசாரிகளின் பாதுகாப்பை நினைத்துச் சொன்னது அது. கம்பித் தடுப்பையும் அதன் மேல் வரிசையாகக் கட்டிய விளக்குகளையும் கழற்றினால் ரேடியேட்டருக்கும் நல்லது.

டாப் கியர் தரும் பொய்யான மிச்சம்

ஏற்றத்தில் டாப் கியரிலேயே முக்கி முனகி ஏறுவதுதான் டீசல் மிச்சம் என்று நினைப்போர் நிறைய. சுமை இழுக்கும்போது அந்த மிச்சம் பொய். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால், பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப்பும் மெதுவாகத்தான் சுற்றும். லாரியிலும் டிராக்டரிலும் ஃபேனும் இன்ஜினோடு சேர்ந்தே சுற்றுவதால் காற்றும் குறையும். ஆனால் சிலிண்டருக்குள் எரியும் சூடு உச்சத்தில் இருக்கும்.

கியரைக் குறைத்தால் சத்தம் கூடும், ஆனால் டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் இறங்கும். பம்ப் வேகமாகத் தண்ணீரைத் தள்ளும், ஃபேன் வேகமாகக் காற்றை இழுக்கும். ஏற்றம் தொடங்கிய பிறகு கியர் மாற்றாமல், ஏற்றத்தின் அடியிலேயே கியரைக் குறைத்துக்கொண்டு நிதானமாக ஏறுவது தேர்ந்த ஓட்டுநரின் வழக்கம். இறங்கும்போதும் அதே கியர்தான் நல்லது. பிரேக்கும் சூடேறாமல் தப்பும்.

ஏ.சி.யையும் கவனிக்க வேண்டும். ஈரக்காற்று ரேடியேட்டரின் வேலையைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. ஆனால் ஏ.சி. அந்த ஈரத்தைப் பிழிந்து எடுக்க அதிகம் உழைக்கிறது. அந்த உழைப்பின் சூட்டைக் கண்டன்சர் வெளியே தள்ளும் இடம், நேராக ரேடியேட்டரின் முகம். பெரிய ஏற்றத்தில் டிரைலரோடு ஏறும் சில நிமிடங்களுக்கு ஏ.சி.யை அணைத்துவிட்டால் இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் பாரம் குறையும்.

டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். இன்றைய கார்கள் பலவற்றில் சூடு கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது அசையத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். கூலன்ட் முழுதும் ஒழுகிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நின்று சூட்டைக் குறைத்தும் காட்டலாம். இனிப்பு வாசனை, பானட்டிலிருந்து ஆவி, திடீரென்று இழுவை குறைவது ஆகியவை முள்ளுக்கு முன்பே பேசும் அறிகுறிகள்.

கியர் பாக்ஸுக்கும் காய்ச்சல் வரும்

இன்ஜின் கொதித்தால் ஆவி பறக்கும், ஊருக்கே தெரியும். கியர் பாக்ஸ் சத்தமில்லாமல் கருகும்.

மேனுவல் கியர் வண்டியில் முதலில் அடி வாங்குவது கிளட்ச் பிளேட். ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து வைத்தால், பிளேட் வழுக்கி உரசும் ஒவ்வொரு நொடியும் சூடுதான். பின்னால் டிரைலர் இருந்தால் அந்தச் சூடு பல மடங்கு. கருகல் வாசனை வந்தபோதே பிளேட்டின் ஆயுளில் ஒரு பகுதி போய்விட்டது. ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில், கிளட்ச் பிடித்த கணத்தில் பிரேக்கை விடுவித்துக் கிளம்புவதே பழைய, சரியான முறை. ஏ.எம்.டி. வண்டியும் உள்ளே மேனுவல்தான். கிளட்ச்சை அழுத்துவது மட்டும் இயந்திரம். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்திவைத்தால் அதிலும் பிளேட் எரியும். இரட்டை கிளட்ச் வண்டிகள், அதிலும் உலர் கிளட்ச் வகைகள், இந்தப் பழக்கத்துக்கு இன்னும் வேகமாகச் சூடாகும்.

முழு ஆட்டோமேட்டிக்கில் கதை வேறு. அங்கே இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் சுழலும் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. மெதுவாகச் சுமை இழுக்கும்போது அதன் இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். வீணாகும் சக்தி அத்தனையும் எண்ணெயில் சூடாக இறங்கும். எண்ணெய் 80 முதல் 95 டிகிரிக்குள் இருப்பது நலம். 115 டிகிரியைத் தாண்டினால் எண்ணெய் கெட்டுப் பிசின்போலப் படியத் தொடங்கும். 150-ஐ நெருங்கினால் ரப்பர் சீல்கள் இறுகும், உள் கிளட்ச்கள் வழுக்கும். எண்பதுக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

பல வண்டிகளில் இந்த எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதனால் இன்ஜின் சூடு கியர் பாக்ஸுக்கும், கியர் பாக்ஸ் சூடு இன்ஜினுக்கும் தொற்றும். அடிக்கடி டிரைலர் இழுக்கும் ஆட்டோமேட்டிக் வண்டிக்குத் தனி எண்ணெய்க் கூலர் பொருத்துவது செலவு அல்ல, காப்பீடு. ‘டோ’ மோட் இருந்தால் போட வேண்டும். இல்லாவிட்டால் கியரைக் கையால் குறைத்துப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் எண்ணெய் சிவப்பாக இருக்கும். பழுப்பாகி, தீய்ந்த வாசம் வந்தால் மாற்றும் நாள் ஏற்கெனவே கடந்துவிட்டது.

அமெரிக்காவில் வண்டிகளின் இழுவைத் திறனைச் சோதிக்க எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற தர விதி இருக்கிறது. அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில், சுமார் 18 கி.மீ. தூரம், 38 டிகிரி வெயிலில், ஏ.சி.யை முழுதாகப் போட்டு, டிரைலரோடு ஏற்றிப் பார்க்கிறார்கள். கடுமையான சோதனைதான். ஆனால் அங்கே வண்டி குறைந்தது 64 கி.மீ. வேகத்தைப் பிடிக்க வேண்டும். அந்த வேகத்துக்கு எதிர்க்காற்று உண்டு. நம் தீவில் ஏற்றங்கள் குட்டை, காற்றோ அதைவிடக் குறைவு. வெளிநாட்டு விளம்பரத்தில் வரும் இழுவை எண்ணை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே விற்கும் சில கார்களின் கையேடுகள் டிரைலர் இழுப்பதையே பரிந்துரைப்பதில்லை. கொக்கி மாட்டும் முன் கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படிப்பது முதல் வேலை.

படகு இறங்கும் சரிவில்

படகு டிரைலரைக் கரையில் இறக்கி ஏற்றும் சில நிமிடங்கள்தான் ஒரு வண்டியின் வாழ்வில் மிகச் சூடான நிமிடங்கள். ரிவர்ஸ் கியரில் அங்குலம் அங்குலமாக இறங்க வேண்டும். பிறகு பாசி பிடித்த ஈரச் சரிவில், நனைந்து கனத்த டிரைலரை நின்ற இடத்திலிருந்து இழுக்க வேண்டும். எதிர்க்காற்று துளியும் கிடையாது. நான்கு சக்கர இழுவையுள்ள வண்டி என்றால் ‘லோ’ கியரைப் போடுவது கிளட்ச்சைக் காக்கும். டயர் சுழன்று வழுக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்து அடம்பிடிக்கக் கூடாது.

டிரைலருக்கும் சூடு உண்டு. தூரம் ஓடி வந்த டிரைலரின் ஹப் சுட்டுக்கொண்டிருக்கும். அதை அப்படியே கடலில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியே உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த சில வாரங்களில் பேரிங் துருப்பிடித்து இறுகும். இறுகிய பேரிங்கை இழுக்க இன்ஜின் கூடுதலாக உழைக்கும். கரை சேர்ந்ததும் கால் மணி நேரமாவது ஆறவிட்டு இறக்குவதும், வந்தபின் நல்ல தண்ணீரில் கழுவிக் கிரீஸ் அடிப்பதும் டிரைலரை மட்டுமல்ல, இழுக்கிற வண்டியையும் காக்கும். காற்று குறைந்த டிரைலர் டயரும் உரசும் பிரேக்கும் கண்ணுக்குத் தெரியாத ஏற்றங்கள்.

பழுதான வண்டியைக் கட்டி இழுக்கும்போது

2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், பழுதான வண்டியை இழுப்பதற்கும் எல்லை வகுக்கின்றன. இரு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. பாதுகாப்புக்கு இது அவசியம். ஆனால் 25 கி.மீ. வேகத்தில் இரண்டு வண்டி எடையை இழுக்கும் இன்ஜினுக்கு மூச்சு முட்டும் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஏற்ற உச்சியில் பாதுகாப்பான இடம் கிடைத்தால் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் ஐடிலில் ஓடவிட்டு ஆற்றிக்கொள்வதே வழி.

இழுக்கப்படும் வண்டிக்கும் ஆபத்து உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப் இன்ஜின் ஓடினால்தான் ஓடும். இன்ஜின் நின்ற வண்டியை இழுவைச் சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் பல்சக்கரங்கள் எண்ணெயின்றி உரசித் தேயும். கொதித்து நின்ற வண்டியின் கியர் பாக்ஸையும் சேர்த்துக் கொன்று பட்டறைக்குக் கொண்டுபோவது இப்படித்தான். மின்சார வண்டிகளிலும் இழுவைச் சக்கரங்கள் தரையில் சுற்றக் கூடாது. மோட்டார் மின்சாரம் உண்டாக்கிச் சூடாகும். இத்தகைய வண்டிகளைச் சக்கரம் தூக்கியோ, முழுதாக ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

கொதித்துவிட்டால்…

முள் ஏறத் தொடங்கியதுமே ஏ.சி.யை அணையுங்கள். ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். உள்ளே வியர்க்கும், ஆனால் அது இன்னொரு சிறு ரேடியேட்டராக வேலை செய்யும். கியரைக் குறைத்து, ஆக்சிலரேட்டரைத் தளர்த்துங்கள். முள் இறங்கவில்லை என்றால் நிறுத்தத்தான் வேண்டும். கூலன்ட் ஒழுகவில்லை என்றால் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். பம்ப்பும் ஃபேனும் சூட்டைக் கொண்டுபோகும். சட்டென்று அணைத்தால் தண்ணீர் ஓட்டம் நின்று, உள்ளே இருக்கும் உலோகச் சூடு மேலும் ஏறும். டர்போ வண்டிக்கு இது இன்னும் முக்கியம். மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வந்ததும் சாவியைத் திருப்பும் முன் ஒரு நிமிடம் பொறுப்பதும் இதனால்தான். ஒழுகல் இருந்தாலோ முள் சிவப்பில் நின்றாலோ உடனே அணைத்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர் ஆவியாகச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். குறைந்தது அரை மணி நேரம் ஆறிய பிறகு, கனத்த துணியைப் போட்டு, பாதி திருப்பி ஆவியை விட்டுப் பிறகே முழுதாகத் திறக்க வேண்டும். சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும்.

ஜாரவா வனத்துக்குள் இந்த நிலை வந்தால் இன்னொரு கடமையும் உண்டு. காவலர்களுக்கு உடனே தெரிவியுங்கள். வண்டியை விட்டு இறங்கி அலையாதீர்கள். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அந்த வனத்தைக் காக்கிறது. 2002-இல் உச்ச நீதிமன்றம் அங்கே டிரங்க் ரோடு போக்குவரத்தையே நிறுத்தச் சொல்லும் அளவுக்குக் கவலைப்பட்டது. பழுதாகி நிற்கும் ஒவ்வொரு வண்டியும், அந்த மக்கள் விரும்பாத ஒரு கூட்டத்தை அவர்கள் வீட்டுக்குள் நிறுத்துகிறது. தீவில் வண்டியைச் சரியாக வைத்திருப்பது, சொந்தப் பணத்தைக் காப்பதோடு முடியும் விஷயம் அல்ல.

கப்பல் வரும்வரை காத்திருக்க முடியுமா?

சென்னையிலிருந்து இந்தத் தீவுத் தலைநகர் சுமார் 1,190 கி.மீ. கடல் வழியில் ஏறத்தாழ மூன்று நாள். ஹெட் வளைந்தால், கிளட்ச் செட் எரிந்தால், ரேடியேட்டர் வெடித்தால், உள்ளூரில் கிடைக்காத உதிரிப்பாகம் பெரும்பாலும் கப்பலில்தான் வர வேண்டும். ஹட் பே, கார் நிக்கோபார், கேம்பல் பே போன்ற இடங்களுக்கு அங்கிருந்து இன்னொரு கப்பல். டிராக்டரோ சுற்றுலா வண்டியோ ஓடாமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் வருமானம் நிற்கிறது. மதுரையில் ஒரு மதியத்தில் முடியும் வேலை இங்கே வாரக்கணக்கில் இழுக்கலாம்.

நிர்வாகம் செய்யக்கூடியதும் இருக்கிறது. கான்வாய் தொடங்கும் இடத்திலும் பாரட்டாங்கிலும் நல்ல தண்ணீரும் கூலன்ட்டும் கிடைக்கச் செய்யலாம். சுமை இழுக்கும் வண்டிகளுக்கு மட்டுமாவது காத்திருக்கும் நேரத்தில் ஃபேன், பெல்ட், ஹோஸ், கூலன்ட் அளவு ஆகிய நான்கையும் பார்க்கும் சிறு சோதனை வைக்கலாம். சக்கரம் தூக்கி இழுக்கும் மீட்பு வண்டி ஒன்றை வழியில் தயாராக நிறுத்தலாம். இவற்றுக்குப் பெரும் திட்டமோ பெரும் பணமோ தேவையில்லை.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலம் முடிந்ததும், வறண்ட மாதங்களின் சுற்றுலா நெரிசல் தொடங்கும் முன், ஒரு நாளை ஒதுக்குங்கள். ரேடியேட்டரைக் கழுவுங்கள். மூடி, பெல்ட், ஹோஸ், தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். கையேடு சொல்லும் கூலன்ட்டையும் கியர் எண்ணெயையும் மாற்றுங்கள். வண்டியில் எப்போதும் ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர், ஒரு பெல்ட், ஒரு ஹோஸ், இரண்டு கிளிப் வைத்திருங்கள். டிரைலர் மாட்டும் நாளில் கையேடு சொல்லும் எடையைத் தாண்டாதீர்கள். இரண்டு நடை அடித்தாலும் பரவாயில்லை.